ஸ்னார்க்கெல் இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்து ஆற்றில் வண்டியை இறக்கலாமா?

நாலுசக்கர_நாடோடி:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ், சாமான் ஏற்றினால் 2.4 டன் வரும். தண்ணீரில் 700 மி.மீ. ஆழம் வரை போகலாம் என்று கம்பெனி கையேட்டில் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் கூரை உயரத்துக்கு ஸ்னார்க்கெல் (எஞ்சினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் குழாய்) போட்டுவிட்டார். அடுத்த மாதம் மூன்று வண்டிகளாக ஒரு மலைப் பயணம் போகிறோம், வழியில் இரண்டு ஆறுகளைப் பாலம் இல்லாமல் கடக்க வேண்டும், இரண்டுமே பனி உருகி வரும் ஆறுகள். முன்னால் போய் வந்த ஒருவர், மதியம் கடந்தபோது தொடை அளவு தண்ணீர் இருந்தது, இழுப்பு அதிகம் என்று சொன்னார்.

நான் இதுவரை இறக்கியதெல்லாம் முழங்கால் அளவு ஓடைகளில்தான். ஸ்னார்க்கெல் இருப்பதால் 700 என்பதை 900 அல்லது 1000 என்று எடுத்துக்கொள்ளலாமா? எவ்வளவு வேகத்தில் போக வேண்டும்? நேராகப் போவதா, சாய்வாகப் போவதா? வண்டியில் மனைவியும் ஒன்பது வயது மகனும் இருப்பார்கள். அதனால் 'ஒன்றும் ஆகாது, போய் வாங்க' என்கிற பதில் வேண்டாம், தெரிந்ததை அப்படியே சொல்லுங்கள்.

பழைய_டீசல்:

முதல் கேள்விக்கு ஒரே பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்னார்க்கெல் எஞ்சின் மூச்சு விடும் வாயை மேலே தூக்குகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. வண்டியின் எடையை அது கூட்டாது, டயரின் பிடிப்பையும் கூட்டாது. கையேட்டில் இருக்கும் 700 மி.மீ. கூட நிற்கிற தண்ணீருக்கோ, மெதுவாக நகரும் தண்ணீருக்கோ சொன்னது. ஓடுகிற ஆற்றில் எஞ்சின் நனைவதற்கு முன்பே வண்டி மிதக்க ஆரம்பித்துவிடும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், எல்லாம் தோராயம்தான். அடித்தளம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம், கேபினின் அடிப்பரப்பு 6 சதுர மீட்டர் என்று வைப்போம். தண்ணீர் அடித்தளத்துக்கு மேலே ஒவ்வொரு 10 செ.மீ. ஏறும்போதும் வண்டியை 600 கிலோ மேலே தூக்குகிறது. 70 செ.மீ. ஆழத்தில் 1200 கிலோ போய்விட்டது. சக்கரம், ஆக்ஸில் எல்லாம் விலக்கும் தண்ணீருக்கு இன்னும் ஒரு 200 கிலோ. 2.4 டன் வண்டி இப்போது ஆற்றுப் படுகையில் 1 டன் கனத்தோடுதான் நிற்கிறது. ஈரக் கூழாங்கல்லில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு இந்தக் கனத்தில் பாதிகூட இருக்காது, 400 கிலோ என்று வையுங்கள்.

இப்போது பக்கவாட்டில் தள்ளும் விசை. தண்ணீருக்குள் இருக்கும் பக்கப் பரப்பு ஒன்றரை சதுர மீட்டர் என்றால், ஓட்டம் விநாடிக்கு 1 மீட்டராக இருக்கும்போது சுமார் 75 கிலோ தள்ளும். 2 மீட்டராக இருந்தால் 300, 3 மீட்டராக இருந்தால் 690 கிலோவுக்குப் பக்கத்தில். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்காகும், மனசு ஏற்றுக்கொள்ளக் கஷ்டப்படுவது இதைத்தான். 400 கிலோ பிடிப்பை வைத்துக்கொண்டு விநாடிக்கு 2 மீட்டர் ஓட்டத்தில் நிற்பது விளிம்பில் நிற்பது மாதிரி, ஒரு கல் நகர்ந்தாலும் வண்டி பக்கவாட்டில் போகும். அதே 2 மீட்டர் ஓட்டம் 45 செ.மீ. ஆழத்தில் என்றால் கனத்தில் பெரும்பகுதி கீழே இருக்கிறது, விளிம்பு இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும், ஆனால் அதையும் பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வுக்கூடத்தில் 2017-இல் உண்மையான கார்களைத் தொட்டியில் இறக்கிச் சோதித்தார்கள். 2.5 டன் எடையுள்ள நிஸான் பேட்ரோல், விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் 45 செ.மீ. ஆழத்திலேயே நிலை தடுமாற ஆரம்பித்தது, 95 செ.மீ.-இல் முழுசாக மிதந்தது, கையால் தள்ளினாலே நகர்ந்தது. உங்கள் வண்டியும் அதே கனம். ஒரு மீட்டர் என்கிற எண்ணையே மறந்துவிடுங்கள்.

பனியாற்றுப்_பயணி:

மேலே சொன்ன எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறேன், நேரத்தைப் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பனி உருகி வரும் ஆறு என்றால் அதன் ஆழம் மணிக்கு மணி மாறும். வெயில் ஏற ஏறப் பனி உருகும், அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர நேரம் பிடிக்கும், அதனால் பிற்பகலிலும் மாலையிலும்தான் ஆறு உச்சத்தில் இருக்கும். விடிகாலையில் அதே துறையில் (ஆற்றை இறங்கிக் கடக்கும் இடத்தில்) தண்ணீர் குறைந்திருக்கும். உங்களுக்குச் சொன்னவர் மதியம் கடந்திருக்கிறார், நீங்கள் முந்தின நாள் இரவு கரையிலேயே கூடாரம் போட்டுத் தங்கி விடியும்போது கடந்தால் அது வேறு ஆறு. முந்தின நாள் மழை பெய்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது காலையிலும் நிறைந்துதான் ஓடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஐஸ்லாந்தில். அங்கே 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கும் மலைச்சாலைகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி மட்டும்தான் போகலாம், பல ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் க்ரோசா என்று ஓர் ஆறு இருக்கிறது, பனிப்பாறையிலிருந்து வருவது, தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருப்பதால் அடி தெரியவே தெரியாது. படுகை அடிக்கடி இடம் மாறும், நேற்று கடந்த தடம் இன்று மடுவாக இருக்கும். அந்தப் பள்ளத்தாக்குக்கு உயரமான பெரிய சக்கரம் போட்ட பஸ்கள் போகின்றன, பலர் தங்கள் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அதில்தான் போகிறார்கள். வாடகை வண்டிக்கு ஆற்றில் ஏற்படும் சேதத்தைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை என்பதும் அங்கே போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

தண்ணீரை எப்படிப் படிப்பது? மேற்பரப்பு வழவழவென்று இருந்தால் அங்கே ஆழம். சலசலவென்று சின்ன அலைகளோடு உடைந்து ஓடினால் அடியில் கல் பக்கத்தில் இருக்கிறது, ஆழம் குறைவு. வளைவின் வெளிப்பக்கம் அரித்துப் பள்ளமாக இருக்கும், உள்பக்கம் மணலும் கூழாங்கல்லும் சேர்ந்து மேடாக இருக்கும். ஆறு குறுகும் இடத்தில், தூரம் குறைவுதானே என்று மனம் அங்கே இழுக்கும். ஆனால் அத்தனை தண்ணீரும் அந்தச் சந்துக்குள்தான் போயாக வேண்டும், ஆழமும் இருக்கும், வேகமும் இருக்கும். அகலமாகப் பரவி நாலைந்து கிளையாகப் பிரியும் இடம்தான் துறைக்கு ஏற்றது, 100 மீட்டர் அகலமாக இருந்தாலும் பரவாயில்லை.

வேகம் அளக்க ஒரு குச்சி போதும். கரையில் 10 மீட்டர் அளந்து குச்சியைப் போட்டு எண்ணுங்கள். 10 விநாடி ஆனால் விநாடிக்கு 1 மீட்டர், 5 விநாடியில் போய்விட்டால் 2 மீட்டர். அப்புறம் நடந்து பாருங்கள். காலில் ஷூ, உடம்பில் லைஃப் ஜாக்கெட், கையில் நீளமான கம்பு, ஓட்டம் வரும் பக்கம் பார்த்தபடி பக்கவாட்டில் அடி எடுத்து வைக்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்காதீர்கள், விழுந்தால் அந்தக் கயிறே தண்ணீருக்கு அடியில் அழுத்திப் பிடித்துவிடும். உங்களால் நடந்து கடக்க முடியாத ஆற்றில் வண்டியை இறக்காதீர்கள்.

நாலுசக்கர_நாடோடி:

இருவருக்கும் நன்றி. பிடிப்பு 400 கிலோ, தள்ளுவது 300 கிலோ என்று படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது, இவ்வளவு நாள் நான் எஞ்சினை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாய்வாகப் போவது பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒரு வீடியோவில் ஓட்டத்தை எதிர்த்துச் சாய்வாகப் போகச் சொன்னார்கள், இன்னொன்றில் ஓட்டத்தோடு சாய்வாகப் போகச் சொன்னார்கள். சீட் பெல்ட் போட்டுக்கொண்டு போவதா, கழற்றுவதா என்றும் தெரியவில்லை.

பனியாற்றுப்_பயணி:

நான் ஓட்டத்தோடு சாய்ந்து போவேன். ஐஸ்லாந்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். தண்ணீர் பின்னாலிருந்து தள்ளுவதால் எஞ்சினுக்குச் சுமை குறைவு, பானட்டுக்கு முன்னால் தண்ணீர் குவியாது. எதிர்த்துப் போனால் ஆறு ஓடும் வேகமும் வண்டியின் வேகமும் சேர்ந்து ரேடியேட்டரில் மோதும், 60 செ.மீ. ஆழம் பானட் பக்கத்தில் 80 ஆகிவிடும்.

கல்_படுகை:

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. ஓட்டத்தோடு சாய்ந்து போவது சுலபம்தான், ஆனால் நடுவில் ஆழம் அதிகமாகித் திரும்பி வர வேண்டியிருந்தால், பின்னோக்கி எடுக்கும்போது ஓட்டத்தை எதிர்த்து இழுக்க வேண்டும், அது முடியாமல் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் லேசான பிக்கப் வண்டிகளில் இன்னொரு சிக்கல், வால் முதலில் தூக்கிக்கொண்டு வண்டியைச் சுழற்றிவிடும். என்னைக் கேட்டால் ஏறும் கரை எங்கே இருக்கிறது என்பதுதான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. அக்கரையில் சரிவாக, கெட்டியாக, டயர் தடம் தெரிகிற இடத்தைப் பாருங்கள். அதற்குக் கொஞ்சம் மேலே, ஓட்டம் வரும் பக்கத்திலிருந்து இறங்கினால் இயல்பாகவே ஓட்டத்தோடு சாய்ந்து போய்ச் சேர்வீர்கள். துறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். 50 மீட்டருக்குக் கீழே அகலமான மணல்திட்டு இருந்தால் வண்டி இழுத்துக்கொண்டு போனாலும் அங்கே ஒதுங்கும். அருவியோ பெரிய பாறையோ விழுந்து கிடக்கும் மரமோ இருந்தால் அந்தத் துறை வேண்டவே வேண்டாம், ஆழம் முழங்கால் அளவே இருந்தாலும்.

முழுசாகக் குறுக்கே நின்று பக்கத்தைக் காட்டுவதுதான் மோசம், அதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கிரீஸ்_கை:

பட்டறைப் பக்கத்திலிருந்து நான். தண்ணீரில் இறங்கிய வண்டிகளைத் திறந்து பார்ப்பது என் பிழைப்பு, அதனால் எந்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய வண்டி, வேறொருவர் போட்ட ஸ்னார்க்கெல் என்கிறீர்கள். பொருத்திய இடங்களில் காற்றுக் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஸ்னார்க்கெலின் வாயை உள்ளங்கையால் இறுக்க மூடினால் எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் வரும். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் தூசி வெளியேற ஒரு ரப்பர் வால்வு இருக்கும், பல பேர் ஸ்னார்க்கெலைப் போட்டுவிட்டு அதை அடைக்காமல் விட்டிருப்பார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். டீசலில் அமுக்கம் அதிகம், கொஞ்சம் தண்ணீரே போதும். அதனால் நடு ஆற்றில் எஞ்சின் நின்றால் சாவியைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் செய்யவே கூடாது. வெளியே இழுத்து, சிலிண்டர் தலையில் மாட்டியிருக்கும் இஞ்செக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றி, தண்ணீர் வருகிறதா பார்த்த பிறகுதான்.

அடுத்து பிரீதர் குழாய்கள். முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல் (ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கரப் பெட்டிகள்), கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) எல்லாவற்றுக்கும் மூச்சுக் குழாய் உண்டு. மணிக்கணக்காக ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் பனித்தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும், வாய் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாக உறிஞ்சும். நாலு குழாயையும் நீட்டி பானட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள், அரை நாள் வேலை. ஆற்றங்கரைக்கு வந்ததும் இறங்காதீர்கள், கால் மணி நேரம் ஆற விடுங்கள்.

ஓட்டும்போது லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் வரிசை), இரண்டாவது கியர். தண்ணீருக்குள் கிளட்சை மிதிக்காதீர்கள். வேகத்தையும் இழப்பீர்கள், பிளேட்டுக்கு நடுவில் தண்ணீரும் புகும். இறங்கும்போது மெதுவாக நடக்கிற வேகம், உள்ளே போனதும் மணிக்கு 5, 6 கி.மீ., பானட்டுக்கு முன்னால் எழும் அலை ஒரே சீராக இருக்க வேண்டும். தார்ப்பாய் கேட்டீர்கள் என்றால், முன்பக்கம் கட்டுவது நிற்கிற தண்ணீரில் நல்ல உத்திதான், அலைக்குப் பின்னால் எஞ்சின் அறையில் மட்டம் குறையும். ஓடுகிற ஆற்றில் பக்கவாட்டு ஓட்டம் அந்தக் குழிவை நிரப்பிவிடும், அதை நம்பிக் கூடுதல் ஆழத்தில் இறங்க வேண்டாம்.

கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வையுங்கள். அன்று மாலையே டிஃபரென்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றுங்கள்.

மூன்றாவது_வண்டி:

நான் ஒரு வண்டியை ஆற்றுக்குக் கொடுத்தவன். சீட் பெல்ட் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன்.

மூன்று வண்டிகளில் நான் கடைசி. முதல் இரண்டும் கடந்துவிட்டன, அதே தடத்தில் நானும் இறங்கினேன். ஏறும் கரைக்குப் பக்கத்தில் அந்த இரண்டு வண்டிகளின் சக்கரங்கள் சுழன்று கூழாங்கல்லைத் தோண்டிப் பள்ளமாக்கியிருந்தன, அது எனக்குத் தெரியவில்லை. முன் சக்கரம் அதில் இறங்கியது, பானட்டுக்கு மேல் தண்ணீர் வந்தது, எஞ்சின் நின்றது. நின்ற சில விநாடிகளில் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. மழை பெய்ததால் கண்ணாடிகளை மூடி வைத்திருந்தேன். கதவைத் தள்ளிப் பார்த்தேன், வெளியே இருந்த தண்ணீரின் அழுத்தத்தில் அசையவில்லை. பவர் விண்டோ பாதி இறங்கியதும் நின்றுவிட்டது, அந்தப் பாதி வழியாகத்தான் நானும் பக்கத்தில் இருந்த நண்பரும் கூரைக்கு ஏறினோம். 30 மீட்டர் இழுத்துப் போய் ஒரு திட்டில் முட்டி நின்றது. இழுவைப் பட்டை இருந்தது, பின் பெட்டியில், பையோடு. கொக்கி தண்ணீருக்கு அடியில். கரையில் இரண்டு வண்டிகள் வின்ச்சோடு (கம்பியைச் சுற்றி இழுக்கும் பொறியோடு) நின்றும் அந்தக் கொக்கியை யாராலும் தொட முடியவில்லை. கூரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், தண்ணீரில் குதித்து நீந்தலாமா என்று பத்து முறையாவது தோன்றியது, நண்பர்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அதனால் இறங்கும் முன்பே பெல்ட்டைக் கழற்றுங்கள், மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் பெல்ட் எதையும் காப்பாற்றப் போவதில்லை. கதவுப் பூட்டைத் திறந்து வையுங்கள், எல்லாக் கண்ணாடியையும் முழுசாக இறக்குங்கள், மழை பெய்தாலும். இழுவைப் பட்டையை முன்னாலும் பின்னாலும் சேசிஸ் கொக்கியில் மாட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாக உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். டோ பால் என்கிற உருண்டையில் மட்டும் மாட்டாதீர்கள், இழுக்கும்போது அது முறிந்தால் குண்டு மாதிரிப் பறக்கும், ஆளைக் கொல்லும். ஒரு வண்டி அக்கரையில் ஏறி நின்ற பிறகே அடுத்தது இறங்க வேண்டும், கடைசி வண்டிக்கு முன்னால் யாராவது ஏறும் இடத்தை மறுபடி கம்பால் குத்திப் பாருங்கள். வண்டி லேசாக மிதந்து நகர ஆரம்பித்தால் கதவைத் திறந்து தண்ணீரை உள்ளே விடச் சொல்வார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், உள்ளே தண்ணீர் ஏறினால் கனம் கூடி டயர் மறுபடி தரையைப் பிடிக்கும். எனக்கு அப்போது அது தெரியாது.

மகனை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வடக்குத்_தடம்:

நடந்து பார்க்கச் சொல்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம், எல்லா ஆற்றிலும் நடக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் வடக்கே காக்கடு பூங்காவில் கேஹில்ஸ் கிராஸிங் என்ற துறை உண்டு, ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றின் மேல். பெயரில் அலிகேட்டர், ஆற்றில் இருப்பதெல்லாம் முதலைகள், உப்புநீர் முதலைகள். கடல் ஏற்றம் அந்த ஆற்றில் ஏறி வருவதால் மழையே இல்லாமல் ஆழம் கூடும். அங்கே அலை அட்டவணையையும் நீர்மட்டக் கம்பத்தையும் பார்த்துத்தான் போக வேண்டும், காலை இறக்கவே கூடாது. நீங்கள் போகும் ஆறு பனியாறு என்பதால் அந்தக் கவலை இல்லை, இங்கே பின்னால் படிக்க வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நாலுசக்கர_நாடோடி:

@மூன்றாவது_வண்டி, உங்கள் பதிலை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவளும் மகனும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் முகாமிலேயே தங்குகிறார்கள், அது முடிவாகிவிட்டது. நாங்கள் முந்தின நாளே கரைக்குப் போய்த் தங்கி விடிகாலையில் குச்சி போட்டு அளக்கிறோம், நடந்து பார்க்கிறோம். 50 செ.மீ. தாண்டினாலோ, 10 மீட்டரைக் குச்சி 6 விநாடிக்குள் கடந்தாலோ திரும்பிவிடுவது என்று மற்ற இருவரிடமும் பேசிவிட்டேன். ஒருவருக்கு மனசில்லை, இருந்தாலும் ஒத்துக்கொண்டார்.

@கிரீஸ்_கை, ஸ்னார்க்கெலைக் கையால் மூடிப் பார்த்தேன். எஞ்சின் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது.

கிரீஸ்_கை:

அப்படியென்றால் இப்போது உங்கள் வண்டி ஸ்னார்க்கெல் இல்லாத வண்டிதான். ஃபெண்டருக்கு உள்ளே ஸ்னார்க்கெலும் ஏர் பெட்டியும் சேரும் ரப்பர் முழங்கையைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கிளாம்ப் தளர்ந்திருக்கும் அல்லது ரப்பர் வெடித்திருக்கும். புது ரப்பர் போட்டு, இரண்டு பக்கமும் கிளாம்ப் இறுக்கி, அந்த அடி வால்வையும் அடைத்துவிட்டு மறுபடி மூடிப் பாருங்கள். எஞ்சின் நின்றதும் இங்கே வந்து சொல்லுங்கள்.